என் ரத்தத்தையும் பாருங்க

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.

“என் ரத்தத்தையும் எடுத்துப் பாருங்க டாக்டர்” என்று கையை நீட்டினாள் சௌந்தரநாயகி.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கட்டிலில் அவள் மகள் ஆர்த்தி, இருபத்தெட்டு வயது. மாமனாரின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நல்லபடியாக நடந்து முடிந்த மூன்றாம் நாள், தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் குழாயில் உறைவு என்றது ஸ்கேன். வலது கை அசையவில்லை. பேச்சும் போய்விட்டது.

“அவசரப்படாதீங்கம்மா” என்றார் டாக்டர் கனிமொழி. “இந்த வயசுல ரத்தம் ஏன் உறைஞ்சுதுன்னு காரணம் தெரியணும். தெரிஞ்சாத்தான் மறுபடி வராம தடுக்கலாம். இன்னொரு தடவை வந்தா இவங்க தாங்க மாட்டாங்க.”

ஆர்த்தியின் கணவன் ஜெகன் பக்கம் திரும்பினார்.

“கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா? அது மாதிரி ஹார்மோன் மாத்திரையாலயும் ரத்தம் உறையலாம்.”

“இல்ல டாக்டர். நாலு வருசமா ஒரு குழந்தைக்குத்தான் ஏங்கிக்கிட்டு இருக்கோம்.”

“வேற மருந்து?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல. அத்தை, உங்களுக்கு ஏதாவது…”

“அவ எங்க மருந்து சாப்பிட்டா மாப்பிள்ளை?” என்று முந்திக்கொண்டாள் சௌந்தரநாயகி. “இது எங்க வம்சத்துல வர்றதா இருக்கும் டாக்டர். எங்க பெரியம்மா ஒருத்தங்க, நாத்து நட்டுக்கிட்டு இருந்தவங்க அப்படியே சேத்துல சாஞ்சு போய்ச் சேர்ந்துட்டாங்க. அதான் சொல்றேன், என் ரத்தத்தப் பாருங்க.”

டாக்டர் யோசித்தார். “அதுவும் சரிதான். உறைவு புதுசா இருக்கறப்ப, இவங்க ரத்தத்துல சில அளவுகளை நம்ப முடியாது. பெத்தவங்க ரெண்டு பேரையும் பார்த்தா, பரம்பரையா வந்ததான்னு ஓரளவு தெரியும்.”

ஆர்த்தியின் அப்பா ராசு, அறுவடை மெஷினை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

சௌந்தரநாயகியைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். “எல்லாரும் ஊசியக் கண்டா ஓடுவாங்க. நீங்க என்னன்னா, பந்தியில பாயசத்துக்கு நீட்டற மாதிரி கைய நீட்டறீங்க?”

“எவ்வளவு வேணுமோ எடுத்துக்க தாயி. ஏதாவது அகப்படணும், அவ்வளவுதான்.”

ரத்தம் சென்னைக்குப் போனது. பதில் வரப் பத்து நாளாகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் சௌந்தரநாயகி மகளின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஸ்பூனில் கஞ்சி ஊட்டினாள். பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிடும்போதெல்லாம் ஆர்த்தி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“அத்தை, இது உங்க வழியா வந்ததா இருக்கக் கூடாதுன்னு எங்கம்மா தினம் விளக்கேத்தறாங்க” என்றான் ஜெகன்.

“என் வழியாவே வந்திருக்கட்டும் மாப்பிள்ளை. அப்படித்தான் நானும் வேண்டிக்கிட்டு இருக்கேன்.”

பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பழிய எல்லாம் தன் தலையில போட்டுக்குது பாருங்க. பெத்தவ மனசு.”

பதினோராம் நாள் டாக்டர் கனிமொழி காகிதங்களோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“உங்க ரத்தத்துலயும் உங்க வீட்டுக்காரர் ரத்தத்துலயும் ஒரு குறையும் இல்ல. ஆர்த்தியோட ஜீன் டெஸ்டும் பார்த்தாச்சு, அதுலயும் ஒண்ணும் இல்ல. பரம்பரை வியாதி மாதிரி தெரியல.”

ஜெகன் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். சௌந்தரநாயகி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற எடத்துக்கு அனுப்புங்க டாக்டர். இவங்க சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க.”

“நல்லாத்தான் பார்த்திருக்காங்க.”

“என் வளையலைக்கூட வித்துத் தர்றேன். இன்னொரு டெஸ்ட். ஒண்ணே ஒண்ணு.”

“வியாதி இல்லைன்னு சொல்றேன். இருந்தே ஆகணும்னு ஏம்மா நிக்கறீங்க?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பார்க்கவில்லை. மருமகனையும் பார்க்கவில்லை.

“இருந்திருந்தா தலையெழுத்துன்னு போயிருக்கும் டாக்டர். திருக்கடையூர்ல விசேஷத்தன்னைக்கி அவளுக்கு விலக்கு வர்ற நாளு. மூத்த மருமக ஒதுங்கி நின்னா சம்பந்தி வீட்டுல முகம் சுளிப்பாங்கன்னு, அதைத் தள்ளிப்போடற மாத்திரைய மெடிக்கல்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன். ‘தலை பிளக்குதும்மா, நிறுத்திடவா’ன்னு தினம் போன்ல கேட்டா. ‘விசேஷம் முடியட்டும், பொறுத்துக்க’ன்னு நான்தான் சொன்னேன்.”

போய் வாருங்கள், கண்ணுகளா. வலிக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெண் சொன்னால், அதைக் கேட்கும் காது ஒன்று அந்த வீட்டில் எந்நாளும் இருக்கட்டும்.