நகக்கீறல்

வசுமதி விதை போட்டு வளர்த்த அழிஞ்சில் செடி தை மாதத்தில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டது.

“பட்டுப்போச்சா?” என்று குடியிருப்பில் எல்லோரும் கேட்டார்கள்.

“இல்லைங்க, அதோட குணமே அப்படித்தான். நகத்தால லேசா கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருக்கும்.”

அன்றிலிருந்து நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அனைவரும் கீறினார்கள். “உசுரு இருக்கு” என்று திருப்தியோடு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்கள். தண்டைச் சுற்றிப் பட்டையே இல்லாமல் போயிற்று.

பங்குனியிலும் அது துளிர்க்கவில்லை. சங்கச் செயலாளர் தியாகராஜன் வந்து கட்டைவிரல் நகத்தை ஆழமாக இறக்கினார். பச்சை தெரியவில்லை. நகத்தில் சிக்கிய சிம்பைப் பல்லால் எடுத்துத் துப்பினார்.

“விடும்மா, வேற ஒண்ணு வை. நாங்க எல்லாரும் தினம் வந்து பாத்துக்கறோம்.”

எச்சில் காயாத அந்த விரலால் அவள் தோளைத் தட்டினார்.