நிமிஷத்துக்கு ஆறு ஜிபி

சவப்பெட்டியை மூட இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. வீடியோக்காரன் அஜீஷின் போன் மூன்றாவது தடவையாகவும் முடியாது என்றது.

பெட்டியைச் சுற்றிக் குடும்பம் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது. தலைமாட்டில் யார் நிற்பது என்று ஒரு சின்ன வழக்கு. பதினோரு வருஷமாக இந்த முற்றத்தை மிதிக்காத நெய்யாற்றின்கரை மச்சான் காலையிலேயே வந்து அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். அவரை நகர்த்தப் போதகராலும் முடியவில்லை. உள்ளே கிடந்த பொன்னுதாஸ் மட்டும் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

வெள்ளறடைப் பக்கத்தில் சாவு வீட்டு வீடியோ கல்யாண வீடியோவுக்குக் குறைந்ததல்ல. கல்யாணத்தைப் பார்க்காதவனும் இதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான். யார் அழுதார்கள், யார் அழுததுபோல் நின்றார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

மகன் பிபினுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெட்டியை மூடுவதற்கு முன் அப்பாவின் முகத்தை இரண்டு நிமிஷம், சினிமாக்காரர்கள் எடுக்கிற தரத்தில், ஃபோர் கேயில் எடுத்து அனுப்ப வேண்டும். மங்கலாக வந்தால் சபை வாட்ஸ்அப் குழுவில் அஜீஷின் பெயரை நாறடித்துவிடுவதாகவும் சொல்லியிருந்தான்.

ஒற்றசேகரமங்கலத்தில் ஒருத்தன் ட்ரோனோடு காத்திருக்கிறான். பெயர் கெட்டால் அடுத்த சாவிலிருந்து எல்லாம் அவனுக்குத்தான்.

அஜீஷின் கேமரா நேற்று அம்பூரியில் ஒரு கல்யாணத்தில் மழையில் நனைந்து உயிரை விட்டிருந்தது. மிச்சம் இருந்தது போன். நூற்றிருபத்தெட்டு ஜிபி.

இடம் போதவில்லை போலிருக்கிறது என்று அழிக்கத் தொடங்கினான். இரண்டு ஞானஸ்நானம், ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு, சபை கன்வென்ஷனுக்காக மனைவி சுமி பாடிப் பழகியது எல்லாம் போயின. போன் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் காலியாகிவிட்டது. அப்போதும் முடியாது என்றது.

பிபினைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் விளங்கியது. காலி இடம் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் பேச்சே இல்லை. சின்ன அளவு வாங்கியவனுக்கு அந்தத் தரம் கிடையாது, அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஆறு ஜிபி தின்னும், உன் போன் தாங்காது, உன் நன்மைக்குத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பிபின் கம்பெனிக்காரனுக்கு மருமகன்போல் பேசினான்.

அஜீஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொண்டுபோன பை சின்னது என்பதற்காகக் கடைக்காரன் உனக்கு நல்ல அரிசி கிடையாது, குருணைதான் என்பானா? இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால் நிறையட்டும், அது என் பாடு. அதே கேமரா, அதே கண்ணாடி. எடுக்கத் தெரிந்தும் எடுக்க மாட்டேன் என்று நிற்கிற இதை எதில் கொண்டு போட? சாவு வீடு என்பதால் இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னான்.

“எலே, அம்மைக்க போன்ல எடு. அது இருநூத்தம்பத்தாறாக்கும்” என்றான் பிபின். போன லீவில் அவனே வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் உச்சத் தரத்தில் வைத்துவிட்டுப் போனது.

பிபினின் அம்மா ஜெயபாய் மாமி பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் போனை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் இடம் இல்லை என்று ஒரே பேச்சில் முடித்தார். போன் பேசுவதைத் தவிர வேறொன்றுக்கும் அதைத் தொடாத மாமி எதைக் கொண்டு நிறைத்திருப்பார் என்று அஜீஷுக்குப் பிடிபடவில்லை. மகன் கேட்கிறான் என்று கெஞ்சித்தான் வாங்கினான்.

உண்மையாகவே நிறைந்திருந்தது. மொத்தம் ஒன்பது வீடியோ. ஒன்பதிலும் அதே கட்டில், அதே கைலி, வாயைப் பிளந்துகொண்டு பொன்னுதாஸ்.

நாற்பது வருஷமாகத் தான் குறட்டையே விடுவதில்லை என்று சாதித்த மனுஷர். மாமி சாட்சி எடுத்திருக்கிறார். காட்டும்போதெல்லாம் இது வேறு யாரோ என்று சொல்லிவிடுவாராம். மூக்கு மயிரை எண்ணிவிடலாம்போல் அவ்வளவு தெளிவு. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று அஜீஷ் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஒன்றை அழித்தால் போதும், இரண்டு நிமிஷத்துக்கு இடம் கிடைத்துவிடும் என்றான்.

மாமி போனை எட்டிப் பார்த்தார். “எத வேணும்னாலும் அழி மக்கா. கடைசியில உள்ளத மட்டும் தொடாண்டாம்.”

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்க வீடியோக்காரனுக்கு வராது. கழுத்தில் கிடந்த இயர்போனைச் செருகினான்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. குறட்டை ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்போல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் பாதியில் நின்றது. பிறகு வரவில்லை. போனுக்கு இந்தப் பக்கமிருந்து மாமியின் சிரிப்பு. “அப்பாடா, ஒருவழியா நிறுத்தினியளே.” படம் ஆடி அணைந்தது.

நாலு மணிக்குச் சாயா கொண்டுபோனபோதுதான் ஆள் போனதே தெரிந்தது என்று மாமி இரண்டு நாளாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஜீஷ் இயர்போனைக் கழற்றினான். மாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“அத நான் பெறவு போட்டுப் பாக்கேல்ல மக்கா. எனக்க சத்தம் அதுல கேக்குதா?”

“இல்ல மாமி. கொறட்ட மட்டுந்தான் உண்டு.”

மாமி தலையாட்டினார். போதகர் ஜெபத்துக்குக் கூப்பிட, எழுந்து பெட்டிப் பக்கம் திரும்பினார்.

மற்ற எட்டையும் விட்டுவிட்டு, அஜீஷ் கடைசியில் உள்ளதை அழித்தான்.