இரண்டாவது கேன்

"மெஷின் பொய் சொல்லுமா சென்னியம்மா? நீயே சொல்லு."

பால் சங்கத் தலைவர் தீனதயாளன் சுவரில் இருந்த திரையைக் காட்டினார். சென்னியம்மாள் கொண்டுவந்த பாலில் தண்ணீர் பதினெட்டு சதவீதம் என்று போட்டிருந்தது.

"என் மூணு மாட்டு மேல சத்தியமுங்க. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலைங்க."

"இதையேதான் இருபது நாளா சொல்ற."

இருபது நாளுக்கு முன்புதான் அந்தத் திரை வந்தது. பாலைச் சோதிக்கும் மெஷினில் இருந்த சின்னக் கண்ணாடி மங்கிப்போய் எண்ணே தெரியவில்லை. அதனால் நடுவே ஒரு சின்னப் பெட்டியை வைத்து, மெஷின் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும் சுவருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அன்றிலிருந்து வெண்ணந்தூர் சந்தை வரைக்கும் சென்னியம்மாளுக்குத் 'தண்ணிக்காரி' என்று பெயர். பதினைந்து வருஷமாகச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவளுக்கு அது சோறு இறங்காத அளவுக்கு வலித்தது.

பெட்டியை மாட்டிய பயாஸ், மடியில் லேப்டாப்போடு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சேலத்திலிருந்து வரவழைத்தது சங்கத்துச் செயலாளர் மலர்விழி. தினமும் முதலில் ஊற்றுகிறவருக்கு மட்டும் திரையில் எண்ணே வருவதில்லை என்பது அவளுடைய புகார்.

முதலில் ஊற்றுகிறவர் வேறு யாருமில்லை, தலைவர்தான். அவர் கேனுக்கு முன்னால் இன்னொரு கேன் வைக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆள் வைத்து அனுப்பாமல் தானே கேனைத் தூக்கி வருவது அவருக்குப் பெருமை. அடுத்தது எப்போதும் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள். தலைவருக்கு எண் வராததால், தண்ணீர் சைபர் என்று மலர்விழியே பதிவேட்டில் எழுதிவிடுவாள். தலைவர் பாலாயிற்றே.

"இதுக்காகவா தம்பி இத்தன தூரம் வந்தே?" தலைவர் சிரித்தார். "என் பாலுக்கு எதுக்கு நம்பரு? ஊருக்கே தெரியும். அது போவட்டும் உடு."

"கையால எழுதக் கூடாதுன்னு மேல இருந்து சொல்றாங்க சார்" என்றான் பயாஸ்.

தலைவர் அவனை விட்டுவிட்டு மலர்விழியிடம் திரும்பினார். "எழுதும்மா. சென்னியம்மாவோட சங்கத்துக் கார்டு இன்னையோட ரத்து."

மலர்விழியின் பேனா நகரவில்லை. "நேத்து நானே அவங்க ஊட்டுல நின்னு, கறக்கறதப் பாத்தனுங்க. கேனையும் நான்தான் தூக்கிட்டு வந்தேன். அப்பவும் பதினேழு காட்டுச்சுங்க."

"அப்ப அவ மாடே தண்ணி கலந்து கறக்குதாட்ட இருக்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னியம்மாள் முந்தானையால் கேனின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பயாஸ் பெட்டியின் செட்டிங்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். வேகம் 9600, சரி. மற்றதும் சரி. கடைசிக்கு முந்தின வரியில் நின்றான். இரண்டு தடவை படித்தான்.

"அக்கா, இவங்க பாலையே இன்னொரு தடவை ஊத்துங்க."

மலர்விழி அதே கேனிலிருந்து எடுத்து ஊற்றினாள். திரையில் தண்ணீர் சைபர்.

"இதென்னடா கூத்து" என்றார் தினமும் அவளுக்கு அடுத்து ஊற்றும் வேலுமணி. "அதே கேனு, அதே பாலு."

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் தலைவர் உடனே. "தூக்கி ஓரமா வையுங்க."

"மெஷின் நல்லா இருக்கு சார். தப்பு என்னோடது." பயாஸ் எழுந்து நின்றான். "ஒரு எண் வந்து முடிஞ்சதும் அனுப்புன்னு பெட்டிக்குச் சொல்லியிருக்கணும். அடுத்த எண் வர ஆரம்பிச்சதும் அனுப்புன்னு போட்டுட்டேன். அதனால ஒருத்தரோட எண் பெட்டிக்குள்ளயே உக்காந்துக்குது. அடுத்தவங்க ஊத்தினாத்தான் வெளிய வருது. தினமும் ஊத்தி முடிஞ்சதும் பெட்டிய அணைச்சுடறதால உள்ள இருக்கறது அழிஞ்சுடுது, முதல் ஆளுக்கு எண் வராததும் அதனாலதான்."

வேலுமணி தாடையைச் சொறிந்தார். "அப்ப இத்தன நாளா எனக்குக் காட்டுனது?"

"சென்னியம்மா பாலுங்க. சைபர்தானே காட்டுச்சு?"

"ஆமா, தினமும் சைபருதான்."

பயாஸ் சென்னியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிச்சுக்குங்கம்மா. உங்க பேருக்கு வந்ததெல்லாம் உங்களுக்கு முன்னாடி ஊத்தினவங்க எண்ணு."

தலைவர் தன் காலிக் கேனை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று பொதுவாகச் சொன்னார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சென்னியம்மாள். "அந்தக் கார்டு ரத்துன்னு சொன்னீங்களே, அது யாருக்குங்க?"

மலர்விழி பதிவேட்டை இழுத்து, முதல் வரியில் தன் கையால் எழுதியிருந்த சைபரை அடித்துவிட்டு, பதினெட்டு என்று எழுதினாள்.