எட்டாத மச்சம்

மணி பார்க்கக் கணவரின் கைப்பேசியை எடுத்தவள் திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஏஐ செயலியில் அவர் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

‘முதுகில் உள்ள மச்சம் மூன்று மாதத்தில் இருமடங்காகிவிட்டது. ஓரம் கோணலாக இருக்கிறது. புற்றுநோயா?’

“என்னங்க இது?”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. “பாத்துட்டியா?”

“அது என்ன சொல்லுச்சு?”

“எழுதினத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாதாம். தோல் டாக்டர்கிட்ட சீக்கிரமா நேர்ல காட்டணுமாம்.”

“தேதியப் பாருங்க, கேட்டுப் பத்து நாள் ஆச்சு! ஏன் போகல?”

“ஆஸ்பத்திரின்னாலே பயம்.”

“சின்னப் புள்ளையா நீங்க? திரும்புங்க, நான் பாக்குறேன்.”

“நீ பாத்து என்ன பண்ணப்போறே? டாக்டர் பாக்கட்டும்.”

“அப்ப கெளம்புங்க. இன்னைக்கு உங்க பயமா என் பிடிவாதமான்னு பாத்துடலாம்.”

ஆட்டோவில் அவள், பேசினால் அழுகை வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்த ஒரு மணி நேரமும் அவர் அவள் கையை விடவில்லை.

உள்ளே டாக்டர் இருவரையும் பார்த்தார். “யாருக்கு?”

“இவருக்குத்தான் டாக்டர்” என்றாள் அவசரமாக.

கணவர் அவள் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல டாக்டர், இவளுக்கு. தனக்குன்னா வரமாட்டா. அதான் சொல்லல.”

அவளுடைய மறு கை தானாக முதுகுப் பக்கம் போனது. எட்டவில்லை.