சத்தமா படி!

“பிள்ளையோட பையைக் கொடுத்துடுங்க டீச்சர். நாளையிலேருந்து வராது.”

இரும்புக் கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னான் தர்மேந்திரன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

ஜானகி டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. குருபோங்கில் தன் வரிசை வீட்டின் முன்னறையையே பாலர் பள்ளியாக்கி நடத்துகிறவர். பக்கத்து வீட்டுக்காரன் வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. மகளைக் கொண்டுவந்து விடுவதும் அழைத்துப் போவதும் எப்போதும் அவன் மனைவிதான்.

“திவ்யாவுக்கு உடம்புக்கு ஏதும்...?”

“உடம்புக்கு என்ன கேடு? அம்மாவும் மகளும் வேற பள்ளி பார்க்கப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு. படின்னு புத்தகத்தைக் கொடுத்தா, குசுகுசுன்னு வாய்க்குள்ளயே முனகுது. அவ்வளவு பயம்! என்ன அதட்டு அதட்டி வெச்சிருக்கீங்களோ?”

“ஐயோ, அதட்டறதே இல்லண்ணே!”

“அப்ப சொல்லிக்கொடுக்கறதும் இல்ல போல. நடுவுல ஒரே சுவரு. காலையில பூரா நான் வீட்லதான் இருக்கேன். ஒரு நாளாவது ‘அ’ன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கா? தெங்கேராவுல என் தங்கச்சி மகன் போற பாலர் பள்ளியில, ரோட்டுல மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போறவனுக்கே பாடம் மனப்பாடம் ஆயிடும்லா!”

“உள்ள வந்து ஒரு நிமிஷம் பாருங்கண்ணே. அப்புறம் முடிவு பண்ணலாம்.”

செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான்.

ஒரு மூலையில் தட்டில் பரப்பிய மாவில் இரண்டு பேர் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் ஒரு பெண் குழந்தை, முன்னால் இருந்தவளின் முதுகில் விரலால் ஏதோ வரைந்தது. அவள் நெளிந்து சிரித்து, குவியலில் கிடந்த அட்டைகளில் ‘மா’வைத் தேடி எடுத்துக் காட்டினாள். சிரிப்புக்குக்கூடச் சத்தம் இல்லை.

டீச்சர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ‘மூக்கைத் தொடு.’

அத்தனை விரல்களும் மூக்குக்குப் போயின.

அடுத்த அட்டை. ‘படுத்துக்கொள்.’

எல்லாரும் மெத்தையில் சாய்ந்தார்கள்.

“இது என்ன டீச்சர், ஊமை நாடகமா?”

“படிச்சாத்தானே செய்ய முடியும்? நான் வாயே திறக்கல, கவனிச்சீங்களா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்களும் திறக்கல, பிள்ளைங்களும் திறக்கல. கடவுள் வாயை எதுக்குக் கொடுத்தான்? விளையாட்டு காட்டியே வருஷத்தை ஓட்டிட்டீங்க. போன மாசம் ரெண்டு பேர் ஏன் பிள்ளைங்களை நிறுத்திட்டாங்கன்னு இப்பத்தான் விளங்குது.”

டீச்சர் முகம் சுருங்கியது.

“எல்லாரும் கத்திப் பாடி ஆடணும்னு எனக்கும் ஆசைதாண்ணே. ஆனா...”

“ஆனா?”

டீச்சர் அவனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“ஒண்ணுமில்ல. விடுங்க. பையை எடுத்துத் தரேன்.”

“பதில் இருந்தாத்தானே சொல்வீங்க!”

கையை வீசிக்கொண்டு திரும்பியவன், முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டான்.

“பாப்பா, உன் பேரு என்ன?”

“ஹஃபீஸா.” காற்றுதான் வந்தது.

“இதுல என்ன போட்டிருக்கு, படி பார்ப்போம்.”

ஹஃபீஸா அட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “வாழைப்பழம்.”

“பார்த்தீங்களா டீச்சர், இதுக்கும் தொண்டை அடைச்சிருக்கு! சத்தமா படிம்மா.”

“வாழைப்பழம்.” இந்த முறை இன்னும் மெதுவாக.

“காதுலயே விழல. சத்தமா!”

ஹஃபீஸா உதட்டை இறுக மூடிக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினாள்.

தர்மேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது.

“சத்தமா படின்னு சொல்றேன்ல!”

அவன் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பி அவனை முறைத்தன.

பையோடு வந்த டீச்சர், “ஹஃபீஸா, வேணாம்மா...” என்று தடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். இடுப்பில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்து, கிசுகிசுப்பாக அவனை அதட்டினாள்:

“ஷ்ஷ்! கத்தாதீங்க அங்கிள். பக்கத்து வீட்ல திவ்யா அப்பா ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்து தூங்குறாங்க!”