அச்சுப்பலகை

அவள் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தபோது பைப் வளைந்து ஸ்டாண்டில் கிடந்தது.

கணவர் சாப்பிட வரவில்லை. முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பைப் வளைக்கும் மெஷினோடு நின்றுவிட்டார்.

எஃகு பிடிவாதம் பிடிக்கும். உருளைகளிலிருந்து விடுவித்ததும் சற்று விரிந்துகொள்ளும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வளைக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வளைப்பார் என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள். யார் வாய் முகூர்த்தமோ, இப்போது மீட்டரின் முள்கூட அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வளைவைச் சரிபார்ப்பது அவள் வேலை.

கேட்ட வளைவில் அறுத்த பிளைவுட் பலகையைப் பைப்பின் உள்பக்கம் பொருத்தி, பின்னாலிருந்து டார்ச் அடிப்பாள். இடையில் வெளிச்சம் கசிந்தால் வளைவு தப்பு. கசியாவிட்டால் சாக்பீஸால் ஒரு டிக்.

நீச்சல்குளக் கூரைக்குப் போன வளைவுகள் இரண்டு திரும்பி வந்துவிட்டன. உச்சியில் ஒன்றோடொன்று சேரவில்லையாம். லாரியில் குலுங்கி விரிந்திருக்கும் என்று அவள் சமாளித்துப் பார்த்தாள். அடுத்ததை நானே நின்று பார்க்கிறேன், அதுவும் தப்பென்றால் இரண்டு பேரும் வீட்டோடு இருங்கள் என்று முதலாளி காலையில் சொன்னார். அதை அவள் கணவரிடம் அப்படியே சொல்லியிருந்தாள். கண் போனவரை வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்?

இப்போது முதலாளி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

பலகையை வைத்து டார்ச் அடித்தாள்.

இரு முனைகளிலும் வழக்கமாகத் தெரியும் அந்த மெல்லிய கோட்டைக் காணோம். பலகையை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனுஷன் எப்படியோ பிடித்துவிட்டார் என்று நினைத்தாள். அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் பலகையைக் கவனித்தாள். கிரீஸ் ஏறிக் கறுத்த அதன் விளிம்பு, நடுவில் மட்டும் புது மரமாக வெளுத்திருந்தது. பைப்புக்குத் தக்கபடி இழைத்த தடம்.

அப்படியானால் இதுவும் சேராது. நாளைக்கே திரும்பி வரும். கூரை போய்ப் பலகையைக் கேட்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரியாதா?

நிமிர்ந்தாள். கணவர் மெஷின் பக்கத்தில் நின்று கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறுமையைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கேட்பதையே கேட்டார்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

கொஞ்ச நாளாகவே ஒவ்வொரு முறையும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் இல்லையென்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர் அதை நம்பிவிட்டார் என்றே நினைத்திருந்தாள்.

"தெரியலங்க."

இந்த ஒரு முறை அது பொய்யில்லை.