அடுத்த சீசனுக்கு ஒரு கோல்கீப்பர்

"எங்க கோல்கீப்பர் கோர்மக்கை மட்டும் கேட்காதீங்க. வேற யாரையாவது கேளுங்க, பேசலாம்" என்றார் ஃபெர்கல், கோல் வலையை அவிழ்த்துக்கொண்டே.

கம்பத்துக்குப் பின்னால் நின்ற மனிதர் அசையவில்லை. கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. ஏரிக்கு அந்தப் பக்கத்து அணிக்கு ஆள் தேர்வு செய்பவர் என்று சொல்லிக்கொண்டார். எந்த வழியாக உள்ளே வந்தார் என்பதுதான் ஃபெர்கலுக்குப் புரியவில்லை. மைதானத்து கேட்டை ஃபெர்கலே பூட்டியிருந்தார். மூடுபனி மைதானத்தில் பாதியை விழுங்கியிருந்தது. காரில் இருந்த நாய் வேறு இறங்க மறுத்து, சீட்டுக்கடியில் முனகிக்கொண்டிருந்தது.

நவம்பர் வந்துவிட்டால் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் இதே பாடுதான். கேலிக் கால்பந்து சீசன் முடிந்ததுமே ஆள் பிடிக்கும் படலம் ஆரம்பித்துவிடும். ஆனால், பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். சொந்த கிளப் சம்மதிக்காமல் ஒருவனும் அணி மாற முடியாது. கில்நாரா அணியின் பயிற்சியாளரான ஃபெர்கல் இதுவரை யாரையும் விட்டுக்கொடுத்ததில்லை.

"உங்க நிலைமை எனக்குத் தெரியும்" என்றார் வந்தவர். "நடுக்களத்துப் பசங்க ரெண்டு பேரும் சிட்னிக்குக் கிளம்பறாங்க. கோர்மக்கும் இல்லேன்னா அடுத்த வருஷம் நீங்க கீழ் டிவிஷன்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே கேட்கிறீங்களே, நியாயமா?"

"எங்களுக்கு கோல்கீப்பர் இல்லையே! மத்தபடி எங்க அணியில ஆள் குறையறதே இல்ல. எவனும் ஆஸ்திரேலியா போறதில்ல. வந்தவன் வந்தவன்தான்."

"கொடுத்து வெச்சவங்கய்யா நீங்க" என்று ஃபெர்கல் வாய்விட்டுப் பொறாமைப்பட்டார். ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். அவர் தொடவில்லை.

ஃபெர்கலுக்கு மகன் ரூரியின் ஞாபகம் வந்தது. மூன்று வருடமாக கோர்மக்குக்கு மாற்று ஆளாக பெஞ்சைத் தேய்ப்பவன். சொந்த மகனை இறக்கினால் ஊர் வாயை மூட முடியாது என்று அப்பாவே ஓரங்கட்டி வைத்திருந்தார். இறுதிப் போட்டியிலும் இறக்காததிலிருந்து அவன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெற்ற மனம் அந்த மௌனத்தில் வெந்துகொண்டிருந்தது.

"என் பையன் ரூரியை எடுத்துக்கிறீங்களா?" என்றார் சட்டென்று. "பந்து கைக்கு வந்தா நழுவாது. ஆனா கூட்டிட்டுப் போய் நீங்களும் பெஞ்சுல உட்கார வெச்சிடக் கூடாது."

"எங்ககிட்ட பெஞ்சே கிடையாது."

"அப்போ சரி."

"சரின்னா பத்தாது, ஃபெர்கல். முறைப்படி உங்க வாயால சம்மதம் சொல்லணும். சொன்னப்புறம் வாபஸ் கிடையாது."

"சம்மதம்யா, முழுச் சம்மதம்! கூட்டிட்டுப் போங்க. இனிமேலாவது அப்பனை மன்னிக்கட்டும் அந்தப் பய."

வந்தவர் கையை நீட்டினார். ஃபெர்கல் குலுக்கினார். பிடித்த கையை அவர் விட வெகுநேரம் ஆனது. ஆனாலும் ஃபெர்கலுக்குப் பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னால் பையன் துள்ளிக் குதிப்பான்!

மனிதர் பனிக்குள் நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஃபெர்கலுக்கு அப்பாக்களுக்கே உரிய கவலை வந்தது.

"ஒரு நிமிஷம்! பையனுக்கு முன்னால தடுப்பாட்டத்துல நிக்கப் போறது யாரு? நல்ல ஆளா?"

"கவலையே படாதீங்க, உங்க ஊர்க்காரன்தான்." பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "மோசி ஹெஃபர்னன்."

ஃபெர்கலின் கையிலிருந்து வலை நழுவியது. போன மார்ச் மாதம் மோசியின் சவப்பெட்டிமேல் கில்நாரா ஜெர்சியை விரித்தது அவர்தான்.